சுவர்ப் பக்கத்துக் காது

அவள் பேசுவதற்கு முன்பே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டதா, பேசிய பிறகு நின்றதா என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சில நாட்களில் முன்பு என்று தோன்றும், சில நாட்களில் பின்பு என்று. வேண்டாதது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது. தம்பிக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்தபடி அறை வாசலுக்கு வந்தாள்.

தம்பி பேசிக்கொண்டிருந்தான்.

காலையில்தான் வந்து இறங்கியிருந்தான். பெட்டி கூடத்தில் போட்டது போட்டபடி கிடந்தது. வந்ததிலிருந்து வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு, அடுத்தவர் வீட்டு நோயாளியைப் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் அவனைத் தூண்டிவிட்டாள்.

"பக்கத்துல போய்ப் பேசுடா. கண்ணு திறக்கலைன்னாலும் காதுல விழும்னு நர்ஸ் சொன்னாங்க."

"என்னத்தைப் பேச?"

"என்னமோ பேசு. இவ்வளவு தூரம் வந்துட்டு விருந்தாளி மாதிரி நிக்காதே."

இப்போது கட்டிலோரம் முட்டிபோட்டு, அப்பாவின் காதோடு வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். குரல் கரகரவென்று இருந்தது. பார்த்ததும் அவளுக்கு முதலில் ஒரு நிம்மதி வந்தது. அதன் பிறகுதான் உறைத்தது. அவன் பேசிக்கொண்டிருந்தது வலது காதில்.

கட்டில் வாடகைக் கட்டில். கொண்டுவந்த ஆள், ஆக்சிஜன் மிஷினுக்குப் பிளக் எங்கே என்று பார்த்து, அதற்குத் தோதாகச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் போட்டுவிட்டுப் போனார். அப்பாவின் இடது பக்கம் சுவர். ஓடியாடி வேலை பார்த்ததில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அப்பாவுக்கு வலது காது கேட்காது. பட்டாளத்தில் இருந்தபோது பக்கத்தில் வெடித்த ஒரு குண்டு, ஆளை விட்டுவிட்டு அந்தக் காதை மட்டும் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. திரும்பி வந்ததும் பூட்டுக் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். காது மந்தமானவனை நம்பி எந்தக் கடைக்காரனும் பூட்டு வாங்க மாட்டான் என்பது அவர் முடிவு. அதிலும் அவர் பூட்டு விற்றதே சத்தத்தை வைத்துத்தான். மாதிரிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, கடைக்காரருக்கும் தனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புவார். "கேளுங்க. ஒரே சத்தம். ரெண்டு சத்தம் வந்தா அது பூட்டு இல்லை, டப்பா!" கடைக்காரர் எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் நிற்பார். நிற்கும்படி அப்பா முதலிலேயே தன் இடத்தைப் பிடித்திருப்பார்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் வலது கோடி அவருடையது. கூடத்தில் அவருடைய சாய்வு நாற்காலியின் வலது கை சுவரை ஒட்டியிருக்கும். வெளியே போனால் அம்மா இடது பக்கம் நடப்பாள். பிள்ளைகள் ஏன் என்று கேட்காமலேயே அதற்குப் பழகிப் போனார்கள். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டுக்கு வந்தால் விடியற்காலையில் எல்லோருடைய ஷூவையும் வரிசையாக வைத்துப் பாலிஷ் போடும் அப்பா. அவரைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அப்பாகிட்ட வலப்பக்கம் நின்னு பேசாதே. உனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரிய வேண்டாம்." அம்மா போன பிறகு, அது தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அவருக்கு இடது பக்கமாகவே நின்று இத்தனை வருடம் ஓட்டிவிட்டாள்.

"இந்தப் பக்கம் இல்லடா" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் சொன்னது காதில் விழுந்தது.

"...உங்களுது படி படியா ஏறிப் பல்லைக் காட்டி விக்கிற பொழப்புன்னு, நான் ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முந்தின நாள் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுப்பா. நீங்க ஒண்ணும் பேசாம என் பெட்டியைத் தூக்கிட்டு பஸ் வரைக்கும் வந்தீங்க. ஏறி உட்கார்ந்ததும் எனக்கு மனசு கேக்கலை. ஜன்னல் வழியாக் கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க அங்கேயேதான் நின்னீங்க, டிரைவர் பக்கம் பார்த்துக்கிட்டு. திரும்பவே இல்லை. சரி, என்னைத் தலைமுழுகிட்டாருன்னு நானும்..."

கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. தேநீர் தளும்பி விரலைச் சுட்டது.

அந்த நாள் அவளுக்கும் நினைவிருந்தது. அப்பா வீடு திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மாவிடம் சொன்னார்: "வண்டி கிளம்பற வரைக்கும் ஜன்னல்கிட்டயே நின்னேன். ஒரு வார்த்தை பேசலை அவன்." பிறகு தம்பி விட்டுப்போன பழைய ஷூவை எடுத்துவைத்துப் பாலிஷ் போட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு தம்பி மாதம் தவறாமல் ஃபோன் செய்தான். அப்பா இடது காதில் வைத்துக்கொண்டு பேசினார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "உடம்பு?" "நல்லாயிருக்கு." அவ்வளவுதான்.

அவள் வாசல்நிலையிலேயே நின்றாள். உண்மையைச் சொன்னால் பஸ் நிலையம் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அப்பா கேட்டும் திரும்பாமல் நிற்கவில்லை; அவருக்குக் கேட்கவே இல்லை. ஆனால் அதே உண்மை, இப்போது அவன் சொன்ன அத்தனையையும் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாதி வாழ்க்கையை விழுங்கிவிட்டு வெளியே வந்த பேச்சு. நிறுத்தினால் இன்னொரு தடவை வராது.

தம்பி எழுந்தான். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முகம் கழுவிட்டு வரேன்."

"ம்."

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கோப்பைகளை மருந்துப் புட்டிகளுக்கு நடுவே வைத்தாள். கட்டிலைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அதை எங்கே மிதிப்பது என்று தெரியவில்லை. காலால் துழாவிப் பார்த்துவிட்டு, கட்டில்மேல் ஒரு முட்டியை ஊன்றி, ஒரு கையைச் சுவரில் வைத்து, அப்பாவின் மார்புக்கு மேலாக வளைந்து இடது காதுக்குக் குனிந்தாள். சுவரை ஒட்டியிருந்த காது சில்லென்று இருந்தது.

"அப்பா. அவன் கூப்பிட்டானாம்ப்பா. பஸ்ல இருந்து. ரெண்டு தடவை கூப்பிட்டானாம். நீங்க வலது காதைக் காட்டிட்டு நின்னிருக்கீங்க."

இன்னும் ஏதோ சொன்னாள். அது நினைவில்லை. நிமிர்ந்தபோது மிஷின் மட்டும் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சட்டையின் மேல் பொத்தான் அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை.

"என்னக்கா?"

துண்டோடு தம்பி நின்றுகொண்டிருந்தான். அவள் மெதுவாகக் கட்டிலைவிட்டு இறங்கினாள். அவன் அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். மிஷினை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் துண்டைக் கட்டில் கம்பியில் போட்டுவிட்டுக் கேட்டான்.

"நான் சொன்னது கேட்டிருக்குமாக்கா?"

"கேட்டுச்சுடா."

"சமாதானத்துக்குச் சொல்லாதே."

"நான் பார்த்தேன். கேட்டுச்சு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தான். உடைந்த கோப்பை அவனுக்குத்தான் போயிருந்தது.

மறுநாள் அப்பாவை எடுத்துப்போகும் வண்டிக்காகக் காத்திருந்தபோது கீல்காரர் வந்தார். அதே பூட்டுக் கம்பெனிக்காகக் கீலும் தாழ்ப்பாளும் விற்றவர். அப்பாவும் அவரும் வருடக்கணக்காக ஒன்றாக ஊர் சுற்றியவர்கள். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து, அப்பாவின் பாலிஷ் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லோருடைய ஷூவையும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, கழட்டுங்க."

"இது கான்வாஸு. இதுக்கு எவனாவது பாலிஷ் போடுவானா? உங்கப்பன்கூட விட்டுவச்சது இது ஒண்ணைத்தான்." கீல்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பட்டாளம்னுதான்பா நாங்க கூப்பிடுவோம். நல்ல மனுஷன். ஒரே ஒரு கிறுக்கு. எந்த வண்டில ஏறினாலும் என்னை இடது பக்கம் தள்ளிட்டுத்தான் உட்காருவார். எந்தக் கடைக்குப் போனாலும் அப்படித்தான். வலது கை காலியா இருக்கணுமோ, இன்னமும் துப்பாக்கி எடுக்கற ஞாபகமோன்னு கேலி பண்ணுவேன். பதிலே வராது. ஒருநாள் வலது பக்கமா வந்து நின்னு கத்திக் கத்திக் கேலி பண்றேன், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கார். அவ்வளவு அழுத்தம்!"

தம்பியின் கையில் துணி நின்றது.

அவள் அப்பாவின் அறைக்குள் போய்விட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். சிறிது நேரத்தில் தம்பி வந்தான். அப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்ததால் அறையில் கட்டில் காலியாகக் கிடந்தது. அவன் அதையும் சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றான். விரலெல்லாம் கறுப்புப் பாலிஷ். அவள் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியும். சொல்வதாக இருந்தால் அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே வண்டியின் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க போல," என்றான்.

"ம்."

கீல்காரர் அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டிலை அப்பா இறந்த வாரமே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மாதிரிப் பெட்டியைக் கம்பெனியில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, பரண்மேல் இருக்கிறது. அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள், தனியாக. பேச ஆளில்லாத நாட்களில் வானொலியை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துப் பாடவிடுகிறாள். தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை வருகிறான். அப்பாவின் நாற்காலியை அவள் சுவரிலிருந்து தள்ளி, ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறாள். இப்போது அதன் வலது பக்கம்தான் வெளிச்சம், அங்கேதான் காற்றும் வரும். அவன் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போய், இடது பக்கம் இருட்டில் போட்டு உட்கார்ந்துகொள்கிறான்.