பத்து லட்சம் தடவை வந்தவர்

உடையார்பாளையம் முந்திரி உழவர் கம்பெனித் தலைவர் காசிநாதன், ஃபிளெக்ஸ் அடித்த பிறகுதான் விவரம் கேட்பார். 'நான்கே மாதத்தில் நம் இணையதளத்துக்குப் பத்து லட்சம் பார்வையாளர்கள்' என்று இருபதடி ஃபிளெக்ஸ். அதில் பதினைந்தடி அவர் முகம். கிளவுட் சர்வர்க்காரன் அனுப்பிய மெயிலில் அந்த எண்ணைக் கண்டாராம்.

"நாளைக்குப் பொதுக்குழு. பத்து லட்சத்தையும் திரையில காட்டிடும்மா. உன் வேலைய நிரந்தரமாக்கிடுவோம்" என்றார், இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் மேகலாவிடம்.

யார் வந்தாலும் சர்வர் ஒரு வரி எழுதிக்கொள்ளும். அதற்கு லாக் என்று பெயர். நான்கு மாத லாக்கைக் கிளவுடிலிருந்து இறக்கி, ஆள் எண்ணும் மென்பொருளிடம் கொடுத்தாள் மேகலா. பதில் வந்தது: வருகை பத்து லட்சம், வந்தவர் ஒருவர்.

"ஒருத்தரா? யாரும்மா அந்த மகராசன்? மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்திடுவோம்!"

"ஆளே இல்லீங்க சார். நம்ம சர்வருக்கு முன்னால கிளவுட்காரன் ஒரு வாசல் வெச்சிருக்கான். எல்லாரும் அது வழியாத்தான் வர்றாங்க. இது வாசலையே எண்ணிட்டு இருக்கு."

வந்தவரின் உண்மை முகவரி வரியின் கடைசியில் இருந்தது. அதை எடுத்துக்கொள் என்று மென்பொருளுக்கு எழுதிக்கொடுத்தாள். நான்காவது முயற்சியில் அதற்குப் புரிந்தது. பிறகு இன்னொன்று தெரிந்தது. பத்து நொடிக்கு ஒருதரம் 'உயிரோடு இருக்கிறாயா' என்று அந்த வாசலே சர்வரைத் தட்டிக் கேட்டிருக்கிறது. அந்த வரிகளையும் தேடுபொறிகளின் வரிகளையும் வடிகட்டினாள். மிச்சம், நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

"அந்தக் கடைசி வேலைய மட்டும் செய்யாம இருந்திருக்கலாம்ல?" என்றார் காசிநாதன். "பத்து லட்சம்னே சொல்லும்மா. உன் வேலையும் இதுலதான் இருக்கு."

மறுநாள் மேடையேறிய மேகலா, ஃபிளெக்ஸை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"நானூத்திப் பன்னெண்டு பேருங்க. முக்காவாசிப் பேரு பார்த்தது முந்திரி விலைப் பக்கம். 'தலைவர் செய்தி' பக்கத்தப் பார்த்தது ரெண்டு தடவ. அதுவும் நான்தான், போட்டோ நேரா இருக்கான்னு."

தலைவர் சோடா கேட்டார். கூட்டத்தில் பொன்னாயி எழுந்தாள். நாலு ஏக்கர் முந்திரிக்காரி.

"அந்த நானூத்துல நானும் ஒருத்தி. வெலயப் பார்க்காம எந்த யாவாரிக்கும் மூட்ட அவுக்கறதில்ல."

"நானும்தான்" என்றது தா.பழூர்ப் பக்கத்துக் குரல். கைகள் வரிசையாக உயர்ந்தன. ஒவ்வொரு கைக்கும் மேகலாவின் லாக்கில் வரி இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

காற்றடிக்கும் திசை காசிநாதனுக்கு அத்துப்படி. மைக்கைப் பிடுங்கினார். "பத்து லட்சமாய்யா பெருசு? நானூத்திப் பன்னெண்டும் உசுருள்ள மனுசங்க! இதுக்குத்தான் நான் ராப்பகலா..."

"எண்ணிச் சொன்ன புள்ளைக்கு மேடையில இருக்கற பொன்னாடையப் போத்துங்க. வேலையையும் நிரந்தரமா எழுதிக் குடுங்க" என்றாள் பொன்னாயி.

உயர்ந்திருந்த கைகள் இறங்கவே இல்லை. வேலை நிரந்தரமானது.

மறுநாள் காலை லாக்கில் ஒரு புது வரி. 'தலைவர் செய்தி'க்கு மூன்றாவது வருகை. கம்பெனியில் தலைவர் அறைக் கணினியிலிருந்து. மேகலா அதை வடிகட்டவில்லை. அவரும் மனிதர்தானே.