காப்பு அவிழ்த்த மறுநாள்

எப்போதும்வென்றான் கிராமத்துச் சுடலைமணிக்குக் கொரோனா வந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆடு மேய்க்கிற உடம்பு, உதறிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். அவரிடம் வருஷக்கணக்காக ஆடு பிடிக்கும் கோவில்பட்டிக் கறிக்கடை அபுதாஹிருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காய்ச்சல் கண்ட மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அபுதாஹிரின் மனைவி பௌசியா வெள்ளிக்கிழமை போன் செய்தாள். கிருமி தன் மேலுள்ள கொக்கிகளை மாட்டித்தான் உடம்புக்குள் ஏறுகிறதாம். பிழைத்தவர் ரத்தத்தில் அந்தக் கொக்கிகளை மூடும் ஆன்டிபாடி இருக்கிறதாம். ரத்தத்தின் தெளிநீரான பிளாஸ்மாவை மட்டும் எடுத்து ஏற்றிப் பார்க்கலாம், பலிக்கும் என்று உறுதியில்லை, ஆனால் தாமதிக்கக் கூடாது என்றாராம் டாக்டர். சுடலைமணிக்கும் அதே ரத்த வகை.

சுடலைமணியின் மணிக்கட்டில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது. கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. நோய் தணியட்டும் என்றுதான் அந்த வருஷம் கூட்டமில்லாமல் கொடையே எடுத்தார்கள்.

"புதன்கிழம காப்பு அவுத்துருவோம் தங்கச்சி. மறுநாள் விடியவும் அங்கன நிப்பேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

இடையில் ஓர் ஆடு குட்டி போட்டுவிட்டுச் செத்தது. அன்றைக்கே ஈன்றிருந்த வேறோர் ஆட்டின் சீம்பாலைப் பீச்சிக் குட்டிக்குப் புகட்டினார். பிறந்த உடனே உள்ளே போனால்தான் குட்டி நோய் தாங்கும், நாளைக்கென்றால் அது வெறும் பால்தான் என்று மனைவியை வேறு விரட்டினார். இவ்வளவு தெரிந்த மனுஷனுக்குக் கையிலிருந்த கயிறு கண்ணை மறைத்துவிட்டது.

வியாழன் காலை ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவரிடம் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இப்போது கிருமியைவிட, அதை விரட்டக் கிளம்பிய அபுதாஹிரின் உடம்பேதான் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. பிளாஸ்மா ஏற்றி இனிப் பயனில்லை. சுடலைமணிக்குக் குட்டியின் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பௌசியா திட்டித் தீர்த்திருந்தால் தேவலை போலிருந்தது.

சாயங்காலம் அபுதாஹிர் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்த சுடலைமணியிடம் நர்ஸ் வந்தாள். அதே ரத்த வகையில் இன்னொருவர் சேர்ந்திருக்கிறார், கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். யார், எந்த ஊர் என்று அவர் விசாரிக்கவில்லை.

"அவியளுக்கு எப்பம் காய்ச்சல் கண்டுச்சு?"

"நேத்து."

மஞ்சள் கறை போகாத கையை நீட்டியபடி எழுந்தார்.

"அப்பம் பேசிக்கிட்டு நிக்காதம்மா. இப்பமே எடு."