இணைப்பு உள்ளது, இணையம் இல்லை

'இணைப்பு உள்ளது, இணையம் இல்லை' என்றே போன் மூன்றாவது முறையும் காட்டியது. மோடத்தை அணைத்து, முப்பது எண்ணிவிட்டுப் போட்டாயிற்று. பாஸ்வேர்டை அழித்து மறுபடி அடித்தாயிற்று. மணி நாலு பத்து.

ஐந்துக்குள் மெயிலில் உள்ள லிங்கைத் திறந்து 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை, விடுதியும் உண்டு. அழுத்தாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. நேற்று மதியம் மெயிலைக் காட்டியபோது அப்பா, "பாக்கலாம்" என்றார். இன்று சாப்பாட்டின்போதும் அதையேதான் சொன்னார். அவர் தலையாட்டலுக்காகவே இந்நேரம்வரை காத்திருந்தேன்.

வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே என்று என் போனுக்கு டேட்டா போடுவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். திண்டிவனத்தில் பிரௌசிங் சென்டருக்குக் குறைவில்லை. ஆனால் எங்கே போவதானாலும் தெருமுனையில் அவருடைய உரக்கடையைத் தாண்டியாக வேண்டும்.

கூடத்தில் அம்மா டிவியில் ஜெபமாலை பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் இதே வைஃபையில்தான் வருகிறது. தடங்கலே இல்லை. அப்படியானால் கோளாறு லைனில் இல்லை, மோடத்திலும் இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நிற்பதுதான் காரணம் என்று பி.எஸ்சி.யில் படித்திருக்கிறேன். மிச்சம், என் போன்.

யாரிடமும் போனில் பேச எனக்கு வராது. கேபிள்காரர் பிரவீன்குமாரின் எண்ணை இரண்டு முறை அடித்து அழித்து, மூன்றாவதில் பேசினேன்.

"அண்ணா, நெட்டு வரல."

"மத்ததுல வருதாம்மா?"

"டிவில வருது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா சொல்லலியா? உன் போனுக்கு மட்டும் இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து நிறுத்தச் சொன்னாரு. நேத்து அதுக்குத்தான் வந்தேன். என்னை பேஜாருல மாட்டி வுட்டுடாதம்மா."

நேற்று சாயந்திரம் ஸ்பீடு பார்க்க என்றுதான் வந்தார். போனின் வைஃபை எண் வேண்டும் என்றார். எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு. ஒன்றுகூடத் தப்பாமல் நானே வாசித்துச் சொல்லி, காபியும் கொடுத்தேன்.

"தொறந்து வுடுவீங்களாண்ணா?"

"ஒரு நிமிஷ வேலை. வூட்ல பெரியவங்க யாருனா ஒரு வார்த்தை சொல்லட்டும்."

டிவியில் சத்தம் நின்றிருந்தது. அம்மா எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. என்ன என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவளுக்கும் தெரியும் என்று புரிந்தது. கையை நீட்டினாள்.

"குடு. நான் சொல்றேன்."

கொடுத்தேன். மணி நாலு இருபத்தைந்து.

"தம்பி, லூசியா அம்மா பேசறேன்" என்றவள், அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் சுவரோரம் போய் நின்றாள். இயேசுவின் திருஇருதயப் படத்தின் சிவப்பு பல்புக்கும் மோடத்துக்கும் ஒரே சுவிட்சு; அதை அணைத்தால் வீட்டில் யாருக்கும் நெட் இல்லை. அம்மாவின் இன்னொரு கை அதன்மேல் இருந்தது. டிவியில் சத்தமில்லாமல் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.