ஆல்டனுக்கு வந்த காய்ச்சல்

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். எர்மினுக்கு அன்று ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

மகன் ஆல்டனுக்குப் பத்தொன்பது வயது. கரீபியன் தீவான கிரெனடாவின் படையில் சிப்பாய். அமெரிக்கர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய முதல் நாளே சுடப்பட்டுச் செத்தான். ஆறாம் நாள் ஆஸ்பத்திரி லாரி பெட்டியை மேட்டடியில் இறக்கிவைத்துவிட்டுப் போனது. கல்லறைத் தோட்டம் மேட்டின் உச்சியில். வண்டி ஏறாது. அந்த ஊரில் யார் செத்தாலும் கூப்பிடாமலே தோள் கொடுக்க வருவார்கள், பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கிப் போவார்கள். பகையாளி செத்தால்கூட ஒரு மடக்கு ரம்முக்காகவாவது வந்து நிற்பார்கள்.

ஆல்டனுக்கு வரவில்லை. அமெரிக்கர்கள் வருவதற்கு ஆறு நாள் முன்னால், தலைநகரத்துக் கோட்டையில் அவன் இருந்த அதே படை சொந்த ஜனத்தையே சுட்டிருந்தது. செத்தவர்களில் அடுத்த வீட்டுத் தெல்மாவின் மகளும் ஒருத்தி. பள்ளிச் சீருடையோடு ஊர்வலம் போனவள். அன்று ஆல்டன் அங்கே இருந்தானா, சுட்டானா? எர்மினுக்கே தெரியாது. கேட்கலாம் என்றால் அவன் வீட்டுக்கு வரவே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சுட்டான் என்றே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

"கத்பர்ட்டண்ணே, ஒரு கை பிடிங்க."

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு எர்மின். எந்திரிக்கவே முடியல."

முந்தின நாள் அதே இடுப்பை ஆட்டி ஆட்டித்தான் அமெரிக்க ஜீப்புக்கு முன்னால் வரவேற்பு ஆட்டம் போட்டார் மனுஷன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷன் கடலோடு போனபோதுகூட அவள் இத்தனை தனியாக இருந்ததில்லை. பெட்டியின் ஓரமாக வெயிலில் உட்கார்ந்தாள்.

ரோந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஆறு பேர் அவளருகே நின்றார்கள்.

"பெட்டியத் திறங்கம்மா. சவப்பெட்டியில துப்பாக்கி கடத்துறாங்களாம்," என்றான் மூத்தவன்.

எர்மின் பெட்டி மூடியில் கையை ஊன்றிக்கொண்டாள். குண்டுக் காயத்தைப் பார்த்தால் விசாரணை என்று உடம்பைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் பிள்ளை மண்ணுக்கு வந்து சேர்வானா?

"காய்ச்சல்ல போயிட்டான். தொத்துற காய்ச்சல். திறந்தீங்கன்னா உங்களுக்குத்தான் வரும்," என்றாள்.

தெருவே ஜன்னலில் நின்று கேட்டது. தெல்மா வேலியைப் பிடித்தபடி நின்றாள். ஒரு சொல் போதும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

மூத்தவன் இரண்டடி பின்னால் போனான். ஆனால் ஒரு கறுப்பு இளைஞன், ஆல்டன் வயதுதான் இருக்கும், போகாமல் நின்றான். "தூக்க ஆளில்லையாம்மா?"

"காய்ச்சல்னு பயப்படுறாங்க தம்பி."

அவன் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூத்தவனைப் பார்த்தான். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். பெட்டி எழுந்தது.

"மகன் என்ன வேலை பாத்தாரும்மா?"

"மீன் பிடிச்சான்."

பாட்டு இல்லை. பூட்ஸ் சத்தம் மட்டும். உங்க குண்டுதான்டா பாவிகளா என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். குழியருகே அந்த இளைஞன் தொப்பியைக் கழற்றி, தன் சொந்த அண்ணனுக்குச் சொல்வதுபோல ஜெபம் சொன்னான். அவனை அவள் வெறுத்தாள். அவன் கையைப் பிடித்து நன்றியும் சொன்னாள்.

அவள் இறங்கி வரும்போது தெல்மா இன்னும் வேலியருகேதான் நின்றிருந்தாள்.

"காய்ச்சலா, எர்மின்?"

எர்மினால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நீ காட்டிக் கொடுத்திருக்கலாமே, தெல்மா."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு." தெல்மா வேலியிலிருந்து கையை எடுத்தாள். "பொய் சொல்லியாவது பொதைக்க உனக்கு ஒரு உடம்பு இருந்துச்சு. எம்பொண்ண எங்க போட்டாங்கன்னுகூட எவனும் சொல்ல மாட்டேங்குறான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.