தலைக்கு மேல் தக்காளி

பால்கனியைப் பெருக்கும்போது துடைப்பத்தோடு வெள்ளைப் பொடி வந்தது. சுண்ணாம்பா சிமெண்டா என்று குனிந்து பார்க்க இஸ்திரிக்காரிக்கு நேரமில்லை. "சுவரும் நம்மகிட்ட கோவிச்சுக்கிட்டு உதிருது போல" என்று முணுமுணுத்தபடி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

இஸ்திரிக்காரி என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைச் சொல்வார்கள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக் கடையில் அவளுக்கு வேலை. வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். குடியிருப்பது மூன்றாம் மாடி. அவருடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், அதே கட்டடத்தில் தரைத்தளத்தில், நேர் கீழே இருந்தாள். நாத்தனாருக்குப் பிறந்த பெண் குழந்தை இன்னும் குப்புற விழக்கூட ஆரம்பிக்கவில்லை.

பால்கனிக்கு நேர் கீழே, நாத்தனாரின் வாசலுக்கு முன்னால், மூன்று பக்கமும் சுவர்கள் உயர்ந்த முற்றம். முற்றத்துக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதே முற்பகலில் கொஞ்ச நேரம்தான், அதுவும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு. அந்த வெயிலை நம்பித்தான் இஸ்திரிக்காரி மேலே தக்காளி வளர்த்தாள். அதே வெயிலை நம்பித்தான் நாத்தனார் கீழே பாப்பாவைக் கூடையில் போட்டுப் படுக்க வைத்தாள். ஒரே வெயிலுக்கு இரண்டு பங்காளிகள் என்றால் சண்டை வராமல் இருக்குமா?

தக்காளி சாதாரணமாக வளரவில்லை, தலைகீழாக வளர்ந்தது. காலி பெயிண்ட் பக்கெட் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, கன்றை அதன் வழியே கீழ்ப்பக்கம் தொங்கவிட்டு, தண்டைச் சுற்றி ஸ்பாஞ்சு வைத்து, மேலே மண்ணை நிரப்பியிருந்தாள். பால்கனியில் தொட்டி வைக்க இடமில்லை. கம்பிக்கு வெளியே காற்றில்தான் இடம் இருந்தது. எலக்ட்ரீஷியன் சுவரில் துளை போட்டு, ஒரு இரும்புக் கையை வெளியே நீட்டிப் பொருத்தி, பக்கெட்டை மாட்டிக் கொடுத்தார். "யானையையே கட்டித் தொங்கவிடலாம்" என்று அன்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். யானை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் அந்த வீட்டில் பேச்சு இருந்தது.

பேச்சு நின்றது கீழே காய்ந்த துணியால். பக்கெட்டின் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டி, பாப்பாவின் வெள்ளைத் துணிகளெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டன. நாத்தனார் அவற்றை அள்ளிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து வாசலில் நின்று கத்தினாள். வேலை முடித்து அலுத்து வந்திருந்த இஸ்திரிக்காரிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ரெண்டு சொட்டு தண்ணிக்கே இந்த ஆட்டம் ஆடுறியே, பக்கெட்டே வந்து தலையில விழுந்தா என்ன பண்ணுவியாம்?"

சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. படிக்கட்டில் வாட்ச்மேன் நின்றிருந்தார். வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு வந்து நின்றார். நாத்தனார் துணிகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். எலக்ட்ரீஷியன் அன்று மூடிய வாயை அப்புறம் திறக்கவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை. சாவியை மேஜையில் வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கை யார் அணைப்பது என்பதைக் குறிப்பறிந்து செய்ய வேண்டும். இரண்டு பேருக்கும் அது நன்றாகவே கைவந்துவிட்டது. தக்காளிச் செடி மட்டும் நாளுக்கு நாள் வாடியது. இலையெல்லாம் சோர்ந்து தொங்கியது. 'அவருக்கு என்மேல கோவம், செடி என்ன பண்ணுச்சு, ஒரு குவளை தண்ணி ஊத்தக்கூடாதா' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, தினமும் வேலைவிட்டு வந்ததும் முக்காலியில் ஏறி, எட்டின மட்டும் கையை நீட்டி, ஜக்கு ஜக்காக ஊற்றினாள். பக்கெட் உயரத்தில் தொங்கியதால் இலை கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளே மண் தெரியவில்லை. ஊற்றியது ஒரு சொட்டுகூடக் கீழே வரவில்லை. பாவம், அத்தனை தாகம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளைப் பொடியைப் பெருக்கிவிட்டு வந்த அன்று முற்பகலில், கடையில் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. துணிக்குக் கஞ்சி போடுகிற கஞ்சி அக்கா, துவைக்கும் மெஷினிலிருந்து நனைந்த மூட்டையை இழுத்துக்கொண்டு, "ஒரு கை பிடியேன், இடுப்பு ஒடியுது" என்று கூப்பிட்டாள். இஸ்திரிக்காரி போய்ப் பிடித்த நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. நாத்தனாரின் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு நம்பவே முடியவில்லை. மூட்டையை ஒரு கையில் தாங்கியபடியே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, கோவமா இருக்கீங்களா?"

"இல்லம்மா. சொல்லு."

"நானும் அன்னிக்கு ரொம்பத்தான் கத்திட்டேன். இப்ப ஒரு சொட்டுகூட விழறதில்ல, துணியெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. அண்ணன்தான் அடியில பசை போட்டு அடைச்சிட்டாரே."

"அடைச்சாரா?"

"உங்களுக்குத் தெரியாதா? வெளிய லைட் மாட்டும்போது மழைத்தண்ணி போகாம ஒரு பசை போடுவாருல்ல, அது. தினம் காலையில நீங்க கிளம்பினதும் அண்ணன் தண்ணி ஊத்தறதக் கீழ இருந்து பாக்கறேன். நிறையத்தான் ஊத்தறாரு. அப்பவும் சொட்டல. சரி அண்ணி, பாப்பா வெயில்ல படுத்துக்கிட்டு சிரிச்சிட்டு இருக்கா. அதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துடறேன். சாயங்காலம் கீழ வாங்க, என்ன?"

போன் நின்றுவிட்டது. இஸ்திரிக்காரி அசையாமல் நின்றாள். நனைந்த மூட்டை அவள் கையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. காய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்குகிற அதே விரிப்புகள்தான். தண்ணீர் ஏறினால் இரண்டு பேர் வேண்டும். காலையில் அவர் ஊற்றியிருக்கிறார். சாயங்காலம் அவள் ஊற்றியிருக்கிறாள். அடியில் ஓட்டை இல்லை. அத்தனை நாள் தண்ணீரும் எங்கே போயிருக்கும்? செடி வாடியது தாகத்தால் இல்லை, வேர் அழுகி. அப்போதுதான் துடைப்பத்தில் வந்த வெள்ளைப் பொடி ஞாபகத்துக்கு வந்தது. அது சுவரின் கோபமில்லை. இரும்புக் கையைப் பிடித்திருந்த துளை உதிர்ந்துகொண்டிருக்கிறது.



"என்னடி ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றாள் கஞ்சி அக்கா.

"அக்கா, பாப்பா மேல விழுந்துடும்" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. குளிக்கப் போனவள் எங்கே எடுக்கப்போகிறாள்? வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை அடித்ததும் துண்டித்துவிட்டார். மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் துண்டித்தார். மனுஷனுக்குக் கோபத்தில்தான் எவ்வளவு ஒழுங்கு! செருப்பை மாட்டக்கூட நிற்காமல் அவள் தெருவில் இறங்கி ஓடினாள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய சாலை, அப்புறம் ஒரு சந்து. சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. கையை நீட்டிக்கொண்டு குறுக்கே புகுந்தாள். ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். அது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. அவள் மண்டைக்குள் அவள் குரலேதான் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கெட்டே வந்து தலையில விழுந்தா என்ன பண்ணுவியாம்? விழுந்துவிட்டால் யார் நம்புவார்கள்? எதிர்வீடு கேட்டது, வாட்ச்மேன் கேட்டார். சொன்னாள், செய்துவிட்டாள் என்பார்கள். வீட்டுக்காரர் அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் பேசமாட்டார். குழந்தை அங்கே கிடக்கும்போது தன் பேரைப் பற்றிக் கவலைப்படுகிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக வந்தது. ஆனாலும் அந்த பயம் போகவில்லை. இரண்டு பயமும் சேர்ந்துதான் அவளை ஓட்டியது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் நுழைந்தவள் முதலில் மேலேதான் பார்த்தாள். பக்கெட் இன்னும் இருந்தது. ஆனால் நேராக நீட்டியிருந்த இரும்புக் கை தலை கவிழ்ந்து, சுவரை விட்டு விரல் நுழைகிற அளவுக்கு விலகி நின்றது. காற்று லேசாக அடித்தபோதெல்லாம் பக்கெட் ஆடியது. அதன் நேர் கீழே, அந்தப் பாயளவு வெயிலில், கூடைக்குள் பாப்பா மல்லாந்து படுத்திருந்தாள். மேலே ஆடுகிற இலைகளையும் ஒற்றைச் சிவப்புப் பழத்தையும் பார்த்துக் கையைக் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரிக்காரிக்குச் சத்தம் போட பயம். சத்தத்துக்கே விழுந்துவிடும் போலிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டின் அடியில் போனாள். பொடி உதிர்ந்து அவள் பிடரியில் விழுந்தது. குழந்தையை வாரி எடுத்தாள். வந்த வழியே கேட்டுப் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், தப்பித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் பின்னாலிருந்து அலறல் கேட்டது.

"அண்ணி! பாப்பாவ எங்க தூக்கிட்டு ஓடறீங்க?"

நாத்தனார் ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். காலி கூடையைப் பார்த்தாள். செருப்பில்லாமல், தலை கலைந்து, குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு கேட்டை நோக்கிப் போகிற அண்ணியைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் போனில் பேசிய சமாதானமெல்லாம் அவள் முகத்திலிருந்து கழன்று போனது.

"வராத! அங்கயே நில்லு!" என்று கத்தினாள் இஸ்திரிக்காரி.

அதைவிடத் தப்பான வார்த்தை வேறு இருக்க முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வராதே என்றால் எந்தத் தாய் நிற்பாள்? "குடுங்க என் புள்ளைய!" என்று நாத்தனார் படியிறங்கினாள். அவள் வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில்தான் கூடை கிடந்தது. கூடைக்கு மேலேதான் பக்கெட். இஸ்திரிக்காரி ஓரடி பின்னால் வைத்தாள். நாத்தனார் இரண்டடி முன்னால் வந்தாள். நான் விலக விலக அவள் வருகிறாள், நான் ஓடினால் அவள் ஓடி வருவாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இஸ்திரிக்காரி சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை மடியில் போட்டு, சம்மணம் போட்டு, நகரப் போவதில்லை என்று யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"நான் எங்கயும் போகல. இங்கயேதான் உக்காந்திருக்கேன். ஓடிப்போக மாட்டேன்" என்றாள். கையை மேலே நீட்டிக் காட்டினாள். "மேல மட்டும் ஒரு தடவை பாரும்மா. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன், மேல பாரு."

நாத்தனார் தயங்கினாள். கூடைக்கு ஓரடி இருக்கும்போது நின்றாள், நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் வீலென்று கத்திக்கொண்டு பின்னால் துள்ளி, வாசற்படியில் தடுக்கி உட்கார்ந்தாள்.

இரும்புக் கை சுவரோடு பிய்த்துக்கொண்டு வந்தது. பக்கெட் விழுந்த சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. கூடை இருந்த இடத்தில் கூடை இல்லை. சப்பையான பிரம்பும் கருப்புச் சேறும் பக்கெட்டின் உடைந்த துண்டுகளும்தான் கிடந்தன. சேற்றிலிருந்து அழுகல் நாற்றம் அடித்தது. பாப்பா அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல நிம்மதியான சத்தத்தை இஸ்திரிக்காரி அதுவரை கேட்டதில்லை.

கேட்டருகே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். பேசவே பேசாதவள் விடாமல் கூப்பிட்டாளே என்று இரண்டாவது தடவை துண்டித்தபிறகு மனசு கேட்காமல் கிளம்பி வந்திருக்கிறார். சேற்றைப் பார்த்தார், சுவரில் வாய் பிளந்த துளையைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"நீயும் தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன். வாடிப்போய் கெடந்துச்சு. நீங்க ஊத்தலன்னு நெனச்சேன்."

"நானும் அதேதான் நெனச்சேன்" என்றார் அவர். அப்படியே கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நாத்தனார் எழுந்து வந்தாள். சேற்றைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக, ஒவ்வொரு அடிக்கும் மேலே பார்த்தபடி வந்தாள். இஸ்திரிக்காரியின் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அன்று சொன்ன சொல்லை இப்போது எடுப்பாள் என்று இஸ்திரிக்காரி தலையைக் குனிந்து காத்திருந்தாள். குழந்தையையும் நீட்டினாள்.

நாத்தனார் வாங்கவில்லை. நீட்டிய கைகள் இரண்டும் உதறிக்கொண்டிருந்தன. அவளே அதைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கை நடுங்குது. கீழ போட்டுடுவேன். நீங்களே வச்சிருங்க அண்ணி."

இஸ்திரிக்காரிக்கும் கை நடுங்கியது. அதை அவள் சொல்லவில்லை. பாப்பாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.