தகரத்தில் நட்ட எர்த் கம்பி

"ஒங்க வீட்டு லைட்டுக்கு எங்க கானுல எதுக்குடி கம்பி அடிக்கிறீங்க? கோழி மிதிச்சா கோழி போயிரும், நான் மிதிச்சா நான் போயிருவேன்!"

"நீங்க எங்க அக்கா போறது, கரண்டுதான் பயந்து ஓடிரும்!"

சுப்பம்மாவும் பக்கத்துக் காம்பரா புஷ்பமும் இப்படிக் கத்தியது ருவான்வெல்லை கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அது 2003. எங்கள் ரப்பர் தோட்டத்து லய வரிசை வீடுகளில் முதல் மீட்டர் புஷ்பம் வீட்டுக்குத்தான் வரவிருந்தது. மாவனல்லையிலிருந்து வந்த வயர்மேன் புவாட் வயரெல்லாம் இழுத்து, மீட்டர் பலகையும் மாட்டி, எர்த் கம்பிக்கு ஈரமண் தேடினார். இங்கே ஈரம் காயாத இடம் சுப்பம்மா குளிக்கும் தண்ணீர் ஓடும் கான் ஓரம்தான். அங்கே கம்பியைப் பாதி அடித்துவிட்டு, ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

மத்தியானம் லைட் கந்தோர் மாத்தயா, அதாவது மின்சார சபை அதிகாரி, பரிசோதிக்க வருகிறார். அவர் தலையாட்டாவிட்டால் புஷ்பத்துக்கு இன்னும் ஆறு மாதம் குப்பி விளக்குத்தான்.

புஷ்பத்தின் புருஷன் ஐயாவு சண்டை என்றாலே ஒதுங்குகிறவர். கம்பியைப் பிடுங்கினார். "எர்த்துன்னா மண்ணுதானே? மண்ணு எங்க இருந்தா என்ன?" என்று எண்ணெய்த் தகரத்தில் மண் நிரப்பி, கம்பியை நட்டு, மீட்டருக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் ஒரு செவ்வந்தியையும் ஊன்றினார். அது அவருடைய சொந்த யோசனை.

மாத்தயா வந்தார். தகரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மேக்க ஹெதெனவாத?" என்றார். இது வளருமா என்று கேள்வி.

"மல் பிபெனவா, சேர்!" பூவே பூக்கும் என்று ஐயாவு பெருமையாகச் சொன்னார்.

திரும்பி வந்த புவாட் தலையில் கைவைத்தார். "அண்ணே, கம்பி பூமிக்குள்ள எறங்கணும். வயர் எங்கயாச்சும் கசிஞ்சா கரண்டு அது வழியா எறங்கி, ட்ரிப் சுவிட்ச் விழுந்துரும். வழி இல்லாட்டி தகரத்துல ஏறி நிக்கும். தொட்டவங்க வழியாத்தான் எறங்கும்."

"எந்தத் தகரத்துல?" என்றாள் சுப்பம்மா.

"கூரைத் தகரத்துலதான், அக்கா."

சுப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள். எட்டுக் காம்பராவுக்கும் ஒரே கூரை. அவள் ஈரத்துணி காயப்போடும் கம்பியும் அதிலிருந்துதான் தொங்கியது.

"அப்ப ஏன் நிக்கிறீங்க? எங்க கானுலயே அடிங்க! ரெண்டா அடிங்க! டேய் கிருஷாந்த், சம்மட்டிய எடுத்துட்டு வாடா!"

மாத்தயா ப்ளேன்டீ குடித்தபடி காத்திருந்தார். பால்வெட்டுக்குப் போய்வந்த களைப்போடு சுப்பம்மாவின் மகன் கிருஷாந்த் அடித்தான். புஷ்பத்தின் மகள் விஜயகலா கம்பி சாயாமல் பிடித்தாள். ஐந்தடிக் கம்பி இறங்க இவ்வளவு நேரமா என்று நான் மட்டும்தான் யோசித்தேன் போலிருக்கிறது. மாத்தயா சோதித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

மறு தையில் கிருஷாந்துக்கும் விஜயகலாவுக்கும் கல்யாணம். தனிக்குடித்தனம் அவிசாவளையில். பழி போடப் புவாடும் இல்லை, கட்டாருக்குப் போய்விட்டார். 'எம் பயலை அன்னைக்கு அந்தக் கம்பிப் பக்கம் யாரு அனுப்புனா?' என்று சுப்பம்மா இன்னும் லயமெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.