மண்ணுக்குள் நின்ற கருஞ்சுவர்

ஏரியூர்ப் பக்கம் எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வந்த அன்று எனக்குச் சாமியே நேரில் வந்தது போலிருந்தது. கிணறு வற்றி, காய் பிடித்த செடியெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. இந்தப் போரில் தண்ணீர் வராவிட்டால் தோட்டம் போச்சு. நீரோட்டம் பார்த்தவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்ற இடத்தில், எலுமிச்சம்பழம் அறுத்துத் துளை போட ஆரம்பித்தோம்.

மத்தியானம் ஆகியும் கறுப்புப் புழுதிதான் பறந்தது. வண்டிக்கார வீரமணி உதட்டைப் பிதுக்கினார். "கருங்கல்லுங்கக்கா. வேலைக்கு ஆவாது."

அந்த நேரம் பார்த்து, "ஐயோ, சூப்பர்!" என்று ஒரு கூச்சல். எங்கள் ஊரில் தங்கிக் கல் ஆராய்ச்சி செய்யும் காவியா, புழுதியைப் பையில் அள்ளிக்கொண்டு குதித்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்க பொழப்பு சிரிப்பா சிரிக்குது, உனக்குக் கும்மாளமா?"

"கோச்சுக்காதீங்கக்கா. இது ரொம்ப ஆழத்துல பாறை உருகி வந்த பசால்ட் குழம்பு, எரிமலைக் குழம்பு மாதிரி!"

"அங்க எவ அடுப்புப் பத்த வெச்சா?"

"அடுப்பே வேணாங்க. அணைச்ச குக்கர்ல விசிலத் தூக்குனா உள்ள தண்ணி மறுபடி கொதிக்குமில்ல? அடியில பாறை நல்ல சூடாத்தான் கெடக்கு, அழுத்தந்தான் உருக விடாது. ஒரு காலத்துல நெலம் ரெண்டு பக்கமும் இழுபட்டுச்சு. அடிப்பாறை மேல ஏற ஏற அழுத்தம் கொறஞ்சு உருகிடுச்சு. அந்தக் குழம்பு வெடிப்புல பூந்து, செவுரு மாதிரி நட்டுக்க நின்னு உறைஞ்சிடுச்சு!"

செவுரா! தோட்டத்துக்கு மேலே இருக்கும் மலையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி வருகிற தண்ணீர் சுவரில் முட்டினால் எங்கே போகும்?

"ஏ பொண்ணே, அப்ப மலைப் பக்கந்தான தண்ணி தேங்கி நிக்கும்?"

காவியா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். "நிக்க வாய்ப்பு இருக்குங்கக்கா!"

என் வீட்டுக்காரர் நவநீதன், "தேங்கா அங்க நிக்கலயே" என்று இழுத்தார்.

"தேங்காயச் சட்னி அரைச்சுக்கலாம், வாங்க!"

அரூரில் அடுத்த வேலை இருக்கிறதென்று வீரமணி கிளம்பப் பார்த்தார். நான் வண்டியை மறித்து நின்றுவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே மலைப் பக்கம் தள்ளி மறு துளை போட்டார். முதலில் வெள்ளைப் புழுதி. பிறகு புழுதி நின்று சேறு கக்கியது. அடுத்த நொடி ஆளுயரத்துக்கு மேலே பீய்ச்சியடித்தது தண்ணீர்! என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, வீரமணியையும் இழுத்துக்கொண்டு ஆடினார். காவியா அதில் நனைந்து கூத்தாடினாள். அவள் கல் பையை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

"பை போவுது பொண்ணே!"

"போனாப் போவுதுங்கக்கா, தண்ணி வந்துடுச்சு!"

நான் விடுவேனா? சேற்றில் விழுந்து புரண்டு, அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.